தூண்களுக்கிடையே ஒரு கயிறு

கடன் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பணம். ஒருவர் மற்றொருவரிடம் பெறுகின்றார். குறித்த நாளில் திருப்பித் தருகின்றார். ஆனால் மனிதன் தன்னிடமிருந்து தானே வாங்கும் கடன் ஒன்றும் உண்டு. நாளைக்குரிய ஓய்வை அவன் இன்றே செலவிட்டு விடுகின்றான். அதற்குப் பத்திரம் எழுதுவதில்லை, சாட்சி வைப்பதில்லை, தவணை குறிப்பதில்லை. ஆகவே அது கடன் என்றே அவனுக்குத் தோன்றுவதில்லை. அந்தக் கடனைச் சிரமமின்றிப் பெற்றுத் தரும் தரகர் நம் அடுப்படியிலும், தெருமுனைக் கடையிலும், ஆலை வாயிலிலும் எந்நேரமும் காத்திருக்கின்றார். தேநீர் என்றும் காப்பி என்றும் அவருக்குப் பெயர்.

தேநீரைக் குறை கூறவும் ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் புன்னகைக்கக்கூடும். நாமும் பக்கத்தில் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டுதான் இதனை எழுதுகின்றோம். இந்தப் பானத்தை விலக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அனுமதிக்கப்பட்ட ஒரு பொருள் எந்த இடத்தில் நமக்குத் தீங்காக மாறுகின்றது என்பதே நம் கேள்வி. அந்த இடம் வந்துவிட்டதென்பதை மனிதன் ஏன் அறியாமல் போகின்றான்? அறிந்த பின்னரும் அவனால் நிறுத்த முடியாவிட்டால் அந்தப் பொறுப்பு அவன் ஒருவனையே சேர்ந்ததா? இவ்வினாக்களை நம்முள் எழுப்பியவர் ஒரு தொழிலாளி. அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகின்றோம்.

நாம் செய்த தவறு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையின் மேல் அமைந்திருக்கின்றது கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி வார்க்கும் ஆலைகளும், வேறு பல தொழிற்கூடங்களும் இயங்குகின்றன. உலையை நினைத்தபோது மூட்டி நினைத்தபோது அணைக்க முடியாது. ஆகவே அங்கே இரவு என்பது ஓய்வுக்குரிய நேரமன்று; மற்றுமொரு ஷிப்டு. நம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த பிள்ளைகளும் அந்த ஷிப்டுகளில் தோளோடு தோள் நின்று உழைக்கின்றார்கள்.

அவர்களுள் ஒருவர், சிறு வயதில் நம்மிடம் ஓதியவர், ஒரு நாள் பஜ்ருத் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன, விரல்கள் நடுங்கின.

"ஹஜ்ரத், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஏதோ கெட்ட செய்தி வரப்போவது போலக் காரணமில்லாமல் பயமாக இருக்கிறது. பகலில் படுத்தால் கண் மூட மாட்டேன் என்கிறது. வீட்டில் கண்ணேறு என்கிறார்கள். தண்ணீர் ஓதித் தாருங்கள்" என்றார்.

நாம் ஓதிக் கொடுத்தோம். ஆறுதல் மொழி நான்கு கூறினோம். இரவெல்லாம் உழைத்து வந்த பிள்ளையாயிற்றே என்று இரங்கி, மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனைக் கடைக்கு அனுப்பி, கெட்டியாக ஒரு தேநீர் வரவழைத்து அவர் கையில் கொடுத்தோம். அவரும் அதனை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இம்முறை தண்ணீர் கேட்கவில்லை. தலை குனிந்து அமர்ந்திருந்து, "பையன் மேல் கை நீட்டிவிட்டேன், ஹஜ்ரத். பகலில் நான் படுத்திருந்தபோது பந்து விளையாடினான், அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளை. அன்றிலிருந்து என் பக்கத்தில் வர மாட்டேன் என்கிறான்" என்றார்.

அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நாம் கேட்டோம்: "தம்பி, நாளொன்றுக்கு எத்தனை தேநீர் குடிக்கிறீர்கள்?"

"நாலைந்து இருக்கும், ஹஜ்ரத்."

தொழுகைக்குப் பின் திக்ரை எண்ணுவது போல விரல் விட்டு எண்ணச் சொன்னோம். வீட்டை விட்டுப் புறப்படும்போது ஒன்று, ஆலை வாயிலில் ஒன்று, ஷிப்டு தொடங்கியபின் மணிக்கொரு தடவை வரும் கேனிலிருந்து ஒவ்வொன்று, முடிந்து வெளியே வந்ததும் ஒன்று. பன்னிரண்டு ஆயிற்று. "காப்பி?" என்றோம். இரவு மூன்று மணிக்குத் தலை சாயும்போது காப்பிப் பொடிப் பொட்டலம் இரண்டை ஒரே கிளாஸில் கரைத்துக் குடிப்பதுண்டு என்றார். சற்றுத் தயங்கி, இளைஞர்கள் குடிக்கும் ஊக்க பானத்தில் ஒரு டின்னும் அவ்வப்போது உண்டு என்று சேர்த்துக்கொண்டார். எண்ணி முடித்தபோது அவருடைய முகத்தில் கண்ட வியப்பை இன்றும் நாம் மறக்கவில்லை. தன் வாழ்வில் தினமும் நடப்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

அந்தக் கணக்கு அவருடைய நோய்க்கு முழு விளக்கம் என்று நாம் கூற மாட்டோம். ஆனால் கண்ணேற்றைத் தேடிய நாம் கண் முன் இருந்த கிளாஸைக் காணத் தவறினோம். போதாதற்கு நம் கையாலேயே ஒன்றை நிறைத்துக் கொடுத்தோம். இக்கட்டுரை எழுதத் துணிந்ததற்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

தூதனைத் தடுக்கும் காவலன்

தேயிலையிலும் காப்பிக் கொட்டையிலும் இயற்கையாகவே அமைந்துள்ள பொருள் காஃபீன். காப்பிக் கொட்டையிலிருந்து அதனை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தவர் ரூங்கே என்னும் ஜெர்மானிய வேதியியலார். அது நிகழ்ந்தது 1819 ஆம் ஆண்டையொட்டி. ஆய்ந்து பார்க்கும்படி அவரிடம் அந்தக் கொட்டைகளைத் தந்தவர் மகாகவி கதே என்பர்.

அது உடலில் செய்யும் வேலையை அறிந்துகொண்டால் பாதி உண்மை விளங்கிவிடும். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறுகச் சிறுகச் சேர்கின்றது. அதனை ஒரு தூதனாகக் கொள்ளுங்கள். 'களைத்துவிட்டாய், உறங்கு' என்னும் செய்தியை மூளையின் வாயில்களில் வந்து சொல்வது அதன் வேலை. காஃபீன் உருவத்தில் அத்தூதனை ஒத்தது. அது முந்திச் சென்று வாயில்களில் அமர்ந்துகொள்கின்றது. தூதன் வெளியே நிற்கின்றான். செய்தி உள்ளே சேரவில்லை. களைப்பு அங்கேயே இருக்கின்றது. அது பற்றிய அறிவிப்பு மட்டும் நின்றுவிட்டது. காஃபீன் வாயிலை விட்டு விலகும்போது, அதுவரை சேர்ந்த தூதர்கள் அனைவரும் ஒருசேர உள்ளே நுழைகின்றார்கள். அந்நேரத்தில் மனிதன் தளர்ந்து விழுகின்றான். உடனே மறு கிளாஸைத் தேடுகின்றான்.

இப்பானம் பலத்தைத் தருகின்றது என்று நாம் சொல்லும் வழக்கம் ஆகவே பிழையுடையது. நம் உடலின் நிலையை நம்மிடமிருந்தே மறைக்கும் திரை அது. சிறிது நேரம் மறைத்தால் குற்றமில்லை. சில வேளைகளில் அது நன்மையும் ஆகும். ஆண்டு முழுதும் மறைத்தால் கணக்கன் கூறும் நட்டத்தைக் கேட்க விரும்பாத வியாபாரியின் கதையாக முடியும்.

அது உடலை விட்டு நீங்கவும் நாம் எண்ணுவதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றது. உட்கொண்டதில் பாதி அளவு கழிய நலமுள்ள பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகின்றது. ஆளுக்கு ஆள் இது மாறும். கருவுற்ற பெண்களுக்கோ பல மடங்கு நீளும். அதிகாலை மூன்று மணிக்கு 200 மில்லிகிராம் உட்கொண்ட தொழிலாளி காலை எட்டு மணிக்குப் பாயில் சாயும்போது ஏறக்குறைய 100 மில்லிகிராம் அவர் உடலில் விழித்திருக்கின்றது. நண்பகல் ஒரு மணிக்கும் 50 எஞ்சுகின்றது. படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் உட்கொண்டவர்களின் உறக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

மனத்தில் விழும் சுமை

நலமுள்ள பெரியவர்கள் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை உட்கொள்வதில் கவலைக்கு இடமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015 இல் கூறியது. கருவுற்ற பெண்களுக்கு அது வகுத்த எல்லை 200. சிறிய கிளாஸ் தேநீரில் சுமார் 30 முதல் 50 வரையும், ஒரு கோப்பைக் காப்பியில் அதனினும் மிகுதியாகவும் இருக்கலாம். தூளும் கொதியும் பொறுத்து இது கூடும், குறையும். நம் சகோதரரின் ஒரு நாள் கணக்கோ எவ்வளவு குறைத்து மதித்தாலும் 500ஐத் தாண்டியது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013 இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலின் ஐந்தாம் பதிப்பு, காஃபீன் மிகுதியால் நேரும் நிலையை ஒரு கோளாறாகவே வகைப்படுத்துகின்றது. அமைதியின்மை, படபடப்பு, உறக்கமின்மை, முகச் சிவப்பு, தசைத் துடிப்பு, சிதறிய பேச்சு, இதயத் துடிப்பின் மாறுபாடு ஆகியன அதன் அடையாளங்கள். காஃபீனால் தோன்றும் பதற்றக் கோளாறும் உறக்கக் கோளாறும் அதில் தனித்தனியே இடம்பெறுகின்றன. இயல்பிலேயே அச்சத் தாக்குதலுக்கு ஆளாகும் மனமுடையோருக்கு மிகுதியான காஃபீன் அத்தாக்குதலைத் தூண்டிவிடவும் கூடும் என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் கண்டது.

இதில் ஒரு சுழல் இருக்கின்றது. உறக்கம் குறைந்ததால் தேநீர் கூடுகின்றது. தேநீர் கூடியதால் உறக்கம் மேலும் குறைகின்றது. உறக்கமிழந்த மனம் சிறு ஓசைக்கும் சீறுகின்றது, பொறுமை குன்றுகின்றது, நடந்த அற்பத்தைப் பேரிடராக எண்ணுகின்றது. வீட்டார் 'இவருடைய குணம் மாறிவிட்டது' என்கின்றனர். மாறியது குணமா, உறக்கமா என்று கேட்பாரில்லை.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் கூற வேண்டும். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களைப் பல்லாண்டு கவனித்து 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், காப்பி அருந்துவோரிடையே மனச்சோர்வு சற்றுக் குறைவாகவே காணப்பட்டது. காப்பிதான் அதற்குக் காரணம் என்று அது நிறுவவில்லை. ஆயினும் இப்பானத்தைப் பகைவனாகச் சித்திரிப்பது அறிவுக்குப் பொருந்தாது என்பதற்கு அது போதும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் கூறினர். அந்த அளவு எங்கே முடிகின்றது என்பதை மட்டும் அவரவர் கணக்குக்கே விட்டுவிட்டனர்.

மக்காவில் எழுந்த வழக்கு

இப்பானத்தைப் பற்றிய வாதம் நமக்குப் புதியதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கத்தில் உறக்கம் மேலிடாமல் இருப்பதற்காகக் காப்பியைப் பருகினர். அரபியில் அதற்கு வழங்கிய 'கஹ்வா' என்னும் சொல் முன்பு மதுவைக் குறித்த பெயர்களுள் ஒன்று. பெயரே ஐயத்துக்கு வழி வகுத்தது.

1511 ஆம் ஆண்டு மக்காவில் மம்லூக் ஆட்சியின் அதிகாரியாயிருந்த கைர் பேக், பள்ளிவாசலுக்கு அருகே இரவில் சிலர் கூடிக் காப்பி அருந்தக் கண்டு, அறிஞர்களைக் கூட்டி வழக்காடச் செய்தார். தாவரத்திலிருந்து வரும் பொருள் அடிப்படையில் ஆகுமானதே. அது உடலுக்கோ அறிவுக்கோ கேடு விளைவிக்கின்றதா என்பதை மருத்துவர் கூற வேண்டும் என்று அறிஞர்கள் கருதினர். மருத்துவர் இருவர் கேடு என்றனர். தடை பிறந்தது, கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. ஆனால் கெய்ரோவிலிருந்து சுல்தான் கான்ஸூ அல்கூரி அனுப்பிய ஆணையோ கூட்டங்களில் நிகழும் முறைகேடுகளைத்தான் கண்டித்தது. பானத்தை முற்றாக விலக்கவில்லை. இவ்வரலாற்றையெல்லாம் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்துல் காதிர் அல்ஜஸீரி என்னும் அறிஞர் காப்பி ஆகுமானதே என நிறுவ எழுதிய நூலில் தொகுத்து வைத்திருக்கின்றார்.

அன்று கேட்கப்பட்ட வினா, 'இது அறிவை மயக்குகின்றதா?' என்பது. இல்லை என்று விடை கண்டனர், அவ்விடை சரியானதே. இன்று நாம் கேட்க வேண்டிய வினா வேறு. மயக்கம் தரும் பொருள் அறிவை உறங்கச் செய்கின்றது. இதுவோ அறிவை உறங்கவிடாமல் செய்கின்றது. முதலாவதன் தீங்கை உலகம் எளிதில் காண்கின்றது, குடித்தவன் தெருவில் தள்ளாடுவதால். இரண்டாவதன் தீங்கு தென்படுவதில்லை. தேநீர் குடித்தவன் நேராக நடந்து வேலைக்குச் செல்கின்றான். தள்ளாட்டம் அவன் நெஞ்சுக்குள் நடக்கின்றது.

அவிழ்க்கப்பட்ட கயிறு

இந்த இடத்தில் நம் நினைவுக்கு வருவது, ஹதீஸ் நூல்களில் காணும் ஒரு நிகழ்ச்சி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, இரு தூண்களுக்கிடையே கயிறு ஒன்று கட்டப்பட்டிருக்கக் கண்டார்கள். இது என்ன என்று வினவினார்கள். அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் இரவில் நின்று தொழும்போது களைப்பு மேலிட்டால் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது என்று தோழர்கள் கூறினர். அதனை அவிழ்த்துவிடுமாறு நாயகம் அவர்கள் பணித்தார்கள். உற்சாகம் உள்ளவரை தொழ வேண்டும், களைத்தால் ஓய வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள்.

இந்நிகழ்ச்சியை நாம் பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்திருக்கின்றோம். அதன் ஆழம் அந்தச் சகோதரர் எதிரே அமர்ந்திருந்த அன்றுதான் நமக்குப் புலப்பட்டது. அங்கே நடந்தது பாவமன்று, வணக்கம். பிடித்தது மதுவையன்று; ஒரு கயிற்றை. இருந்தும் அது அவிழ்க்கப்பட்டது. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், களைத்த உடலைக் கட்டி நிறுத்தும் கருவிக்கு எல்லை உண்டு என்பது அதன் பொருளன்றோ? வணக்கத்துக்கே அந்தக் கயிறு ஆகாதென்றால், வேலைக்கும் வருமானத்துக்கும் பரீட்சைக்கும் அது எல்லையின்றி ஆகுமென்று எப்படிச் சொல்வது?

ஸல்மான் (ரலி) அவர்கள் தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியபோதும், இரவெல்லாம் நின்று தொழ எழுந்தவரை இருமுறை உறங்கச் சொல்லிப் பின்னிரவில் இருவருமாக எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு. அவரவர் உரிமையை அவரவர்க்குக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் உரைத்ததை நாயகம் அவர்களும் உண்மையென்று ஏற்றார்கள். நம் சகோதரரின் வீட்டில் பறிபோனதும் இந்த உரிமைகள்தாம். முதலில் உடலின் உரிமை போயிற்று; அதன் பின் ஏழு வயதுப் பிள்ளையின் உரிமை.

கயிற்றைக் கட்டியவர் யார்?

ஆனால் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நாம் அநீதி செய்தவராவோம். அந்தக் கயிற்றைக் கட்டியவரும் பிடித்தவரும் ஒருவரே. ஆகவே அவிழ்ப்பது எளிதாயிற்று. ஆலையில் கயிற்றைப் பிடிப்பவன் ஒருவன், கட்டுபவர் வேறொருவர். உலையின் அருகே கண் அயர்ந்தால் கூலி மட்டுமா போகும்? கையும் காலும் போகும், உயிரும் போகலாம். அவனிடம் சென்று 'தேநீரைக் குறை' என்று உபதேசிப்பது, நீரில் மூழ்குபவனிடம் பிடித்த கட்டையை விடச் சொல்வது போலாகும். "இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்தால்தான் ஹஜ்ரத், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பணம் கட்ட முடிகிறது" என்று அச்சகோதரர் கூறியபோது நம்மிடம் உடனே விடை இருக்கவில்லை.

இந்நாட்டில் தேநீர்ப் பழக்கம் தானாகப் பரவியதன்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1903 இல் ஆங்கில அரசு தேயிலை ஏற்றுமதியின் மீது ஒரு தீர்வை விதித்து, அப்பணத்தைக் கொண்டு தேயிலைப் பிரசாரம் நடத்த வழி செய்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் நெசவாலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் தொழிற்கூடங்களிலும் தேநீர்க் கடைகள் முயன்று நிறுவப்பட்டன. தொழிலாளிக்குத் தேநீர் இடைவேளை என்பது பரிவினால் மட்டும் பிறந்ததன்று. விற்பனையாளரின் கணக்கும் அதில் இருந்தது.

இடைவேளை தருவது வேறு. இடைவேளைக்குப் பதிலாகத் தேநீர் தருவது வேறு. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு எல்லை வகுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரைமணி ஓய்வு தரப் பணித்தது. மனித உடல் களைப்புறும் என்பதை ஒப்புக்கொண்ட சட்டம் அது. 2023 ஏப்ரலில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை செய்ய இடமளிக்கும் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. வார எல்லை மாறாது என்று அரசு விளக்கியது. ஆயினும் தொழிற்சங்கங்களும் பல கட்சிகளும் கடுமையாக எதிர்த்தன. சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். சட்டம் திரும்பிவிட்டது. ஆனால் ஒப்பந்தக்காரரின் கீழ் பெயரில்லாமல் உழைப்பவனுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஏட்டில் எழுதாமலே நடைபெறக்கூடும் என்பதை அப்பகுதியில் வாழ்வோர் அறிவர்.

ஆகவே பொறுப்பைப் பங்கிட்டுப் பார்க்க வேண்டியிருக்கின்றது. தன் அளவை எண்ணிப் பார்ப்பது தொழிலாளியின் பங்கு. அவன் விழிப்பினால் இலாபம் அடைபவருக்கு அதனினும் பெரிய பங்கு உண்டு. ஷிப்டை வாரத்துக்கு வாரம் தாறுமாறாக மாற்றாமலிருப்பதும், இரண்டு ஷிப்டுகளைச் சேர்த்துச் சுமத்தாமலிருப்பதும், நள்ளிரவில் சிறிது நேரம் படுத்தெழ இடம் தருவதும் அவருக்கு இயலாதவை அல்ல. அந்தப் பகுதியில் நம்மவர்களும் சிறு பட்டறைகளும் கடைகளும் உணவகங்களும் நடத்துகின்றார்கள். கூலியாளுக்கு மணிக்கொரு தேநீர் வாங்கிக் கொடுப்பதைத் தருமம் என்று எண்ணியிருப்போர், அது யாருக்காக வாங்கிய தேநீர் என்று ஒருமுறை தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டார் செய்யத்தக்கது

மூன்றாவது பங்கு வீட்டாருடையது. திருமறை உறக்கத்தை இறைவனுடைய அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணுமிடத்தில், இரவு உறக்கத்தை மட்டுமன்றிப் பகல் உறக்கத்தையும் சேர்த்தே குறிப்பிடுகின்றது. இரவில் உழைப்பவனின் பகல் உறக்கம் சோம்பல் அன்று, மதிக்கத்தக்கது. சன்னலுக்குத் திரையிடுவதும், அலைபேசியை அடுத்த அறையில் வைப்பதும், பிள்ளைகளின் விளையாட்டைச் சில மணி நேரம் வெளியே அனுப்புவதும், 'பகலில்தானே இருக்கிறார், இந்த வேலையை முடித்துத் தரட்டும்' என்று எழுப்பாமலிருப்பதும் அவருக்குக் கொடுக்கும் மருந்தாகும்.

பரீட்சை நாட்களில் பிள்ளைகளுக்கு நள்ளிரவுக் காப்பி போட்டுக் கொடுக்கும் தாய்மாரும் சிந்திக்க வேண்டும். படித்தது நினைவில் பதிவதற்கு உறக்கம் வேண்டும். ஊக்க பானங்களின் டின்களிலேயே அவை குழந்தைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் ஏற்றவையல்ல என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கின்றார்கள். அதனைப் பெரிய எழுத்தாகப் படிப்பது நம் கடமை.

நம் அளவு மிகுந்துவிட்டதா என்று அறிய ஆண்டுக்கொருமுறை நமக்கே ஒரு சோதனை வருகின்றது. ரமலானின் முதல் சில நோன்புகளில் பிற்பகலில் பலருக்குத் தலை பிளப்பது போல வலிக்கின்றது. பசியும் நீரின்மையும் அதற்குக் காரணமாகலாம். தேநீருக்குப் பழகியவர்களுக்கு அது காஃபீன் நின்றதன் வலியாகவும் இருக்கலாம். கடைசிக் கிளாஸுக்குப் பின் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தலைவலியும், சோர்வும், எரிச்சலும், மனவாட்டமும் தொடங்கி, இரண்டு நாள் முதல் ஒன்பது நாள் வரை நீடிக்கும் என்று மருத்துவர் கணித்திருக்கின்றார்கள். ஷஃபானிலேயே சிறிது சிறிதாகக் குறைத்து வருபவர் இவ்வலியிலிருந்து பெரும்பாலும் தப்புவர். 'நான் நினைத்தால் நிறுத்திவிடுவேன்' என்று கூறுவோர் அந்த நாட்களில் தம் தலையைக் கேட்டால் அது உண்மை சொல்லும்.

குறைக்க எண்ணுபவர் ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். நான்கு நாளுக்கொரு முறை ஒரு கிளாஸ் குறைக்கலாம். ஷிப்டின் முற்பகுதியில் குடித்துவிட்டு, உறங்கச் செல்வதற்கு ஆறேழு மணி நேரம் முன்பே நிறுத்திக்கொள்ளலாம். நாவுக்குச் சூடு வேண்டுமென்றால் சுக்கும் மல்லியும் இருக்கவே இருக்கின்றன. மனநோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் காப்பி, தேநீர் அளவைத் திடீரென்று மாற்றக்கூடாது. லித்தியம், குளோசபின் போன்ற மருந்துகள் இரத்தத்தில் நிற்கும் அளவு அதனால் ஏறவோ இறங்கவோ கூடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாப் படபடப்பும் தேநீரால் வருவதன்று. தைராய்டு மிகுதியும், இரத்தசோகையும், இதயக் கோளாறும், தனியே தோன்றும் மனநோயும் அதே வடிவில் வரலாம். தண்ணீர் ஓதிக் கொடுக்கும் நாம், அதனோடு மருத்துவரிடம் அனுப்பும் வழக்கத்தையும் மேற்கொள்ள வேண்டும். 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் 'டெலி மானஸ்' என்ற அரசின் மனநல உதவி எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றது, தமிழிலேயே பேசலாம். மனம் நோய்வாய்ப்படுவது ஈமானின் குறையென்று நினைத்து மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உள்ளன. எலும்பு முறிந்தவனை நாம் அவ்வாறு எண்ணுவதில்லை.

கடலோரத்தில் நம் பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் நிழலைக் கொண்டு நேரம் காட்டும் பழைய சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. அது பகலை மட்டுமே காட்டும். இருட்டியதும் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். நம் முன்னோரின் வாழ்வும் பெரும்பாலும் அவ்வாறே அமைந்தது. இன்று இருபத்துநான்கு மணி நேரமும் ஆலைச் சங்கு ஒலிக்கின்றது. அதனை நிறுத்த நம்மால் ஆகாது. நம் சோற்றுப் பானையும் அதனோடு கட்டுண்டிருக்கின்றது. ஆனால் அந்தச் சங்கொலிக்கு நம் உடலும் மனமும் தரும் விலை என்ன என்று எண்ணிப் பார்க்க நம்மால் ஆகும்.

நம் சகோதரர் அரசு மருத்துவமனைக்குச் சென்று இரத்தமும் இதயமும் பரிசோதித்துக்கொண்டார். அங்கே அஞ்சத்தக்க நோய் எதுவும் காணப்படவில்லை. ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பன்னிரண்டு கிளாஸ் நான்காயிற்று. முதல் வாரம் தலைவலியோடு போராடினார். படபடப்பு முற்றும் நீங்கிவிட்டது என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் பகலில் ஐந்து மணி நேரம் உறங்குவதாகச் சொன்னார். இரவு ஷிப்டு இன்னும் அவருக்கு ஓயவில்லை. கூடுதல் ஷிப்டில் ஒன்றை விட்டிருக்கின்றார். அதனால் வரவில் விழுந்த துண்டை வீட்டில் இருவரும் கூடிப் பேசி ஈடுகட்டிக்கொண்டார்களாம்.

சென்ற மாதம் அஸருக்குப் பின் மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். பிள்ளை வாப்பாவின் விரலைப் பிடித்திருந்தான். பழக்க தோஷத்தால் தேநீர் வாங்கி வர ஆள் அனுப்ப நாம் வாயெடுத்தோம். அவர் சிரித்துக்கொண்டே தடுத்து, "தண்ணீர் போதும், ஹஜ்ரத்" என்றார். இம்முறை தாகத்துக்குத்தான் கேட்டார்.